தவளையின் நடு இருக்கை

ஓர்லேயான், 9 ஜனவரி 1994

அம்மாவுக்கு,

ரயில் வந்து நின்ற பிறகு, என் பையைத் தூக்கிக் கையில் கொடுத்துக்கொண்டே, "அடுத்த தடவ வர்றப்ப நடு சீட் இருக்காதுடி, கழட்டப் போறேன்" என்றாய். விடுமுறை முழுக்க நேரம் இருந்தும் வீட்டில் சொல்லவில்லை. கதவு மூடுகிற நேரத்தில் சொன்னால் என்னால் வாதாட முடியாது என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறாய். ஆகவே எழுதுகிறேன். விடுதித் தொலைபேசியில் இதைப் பேச முடியாது. பின்னால் வரிசை நிற்கும், முன்னால் மேற்பார்வையாளர் கம்பளி பின்னிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பார்.

நம் தவளை வண்டியைப் பற்றி அறைத்தோழி சபீனிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"ஸ்போர்ட்ஸ் கார்னா ரெண்டு சீட்தான். மூணு பேர் ஒரே வரிசைலயா? கதை விடாத."

"மூணு பேர்தான். அம்மா இடப்பக்கம் ஓட்டுவாங்க, நடுவுல நான், அந்தப் பக்கம் இன்னொரு சீட். எஞ்சின் எங்க முதுகுக்குப் பின்னாடி."

"உங்கம்மா நர்ஸுன்னு சொன்னியே?"

"நர்ஸ்தான். வீடு வீடா ஊசி போடப் போறதே அதுலதான்."

அதன் பிறகு அவள் நெடுநேரம் சிரித்தாள்.

நான் முன்னேற்றத்துக்கு எதிரானவள் இல்லை. போன கோடையில் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு ஒரு பெரிய குடும்பக் காரின் எஞ்சினை மாட்டினாய். நான் விளக்குப் பிடித்தேன். முகப்பு விளக்குகள் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பாமல் ஒன்று தூங்கி ஒன்று விழித்திருந்தபோது, அவற்றுக்கு மின்மோட்டார் வைக்கச் சொன்னதே நான்தான். ஆனால் நடு இருக்கை என்னுடையது. உட்காரக் கற்ற நாளிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். மருந்துப் பெட்டிக்கு இடம் வேண்டுமென்றால், யாரும் உட்காராத வலது இருக்கையை எடு. அந்தப் பக்கக் கதவைத் திறந்தால் பெட்டி நேரே கைக்கு வரும். இதைவிட வசதி என்ன இருக்கிறது?

பதில் எதிர்பார்க்கும்,
ஒரியான்

—

வெர்னூ, 14 ஜனவரி

என் செல்லத் தெள்ளுப்பூச்சிக்கு,

உன் கடிதத்தை மதாம் ரகோ வீட்டு அடுப்படியில், அவர் கால் புண் மருந்தில் ஊறும் நேரத்தில் படித்தேன். "வக்கீல்கிட்டேர்ந்தா?" என்று கேட்டார். "மகள்கிட்டேர்ந்து" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

நீ விடுதியில் உட்கார்ந்து நியாயம் பேசுகிறாய். நான் என்ன செய்வேன், சொல். பின்பெட்டி எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிறது. கடையில் வாங்கிய ரொட்டியை அதில் வைத்தால் வீட்டுக்கு வருவதற்குள் இரண்டாம் முறை வெந்துவிடும். ரத்தம் எடுத்த குப்பிகளை அங்கே வைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப்போனால் கஞ்சியாகத்தான் கொடுக்க வேண்டும். இதுவரை குளிர்பெட்டியை வலது இருக்கையில் சும்மா வைத்துத்தான் ஓட்டினேன். செவ்வாய்க்கிழமை மூடுபனியில் ஒரு காட்டுப்பன்றி குடும்பத்தோடு சாலையைக் கடந்தது. பிரேக்கை மிதித்தேன். பெட்டி பறந்துபோய்க் கண்ணாடியில் மோதித் திறந்துகொண்டது. பெரியவர் பெலூவேயின் ரத்தம் காரெல்லாம். மறுநாள் மறுபடி குத்தப் போனேன்.

"நேத்துதானே எடுத்தே? அது என்ன ஆச்சு?"

"காட்டுப்பன்னி குடிச்சிடுச்சு."

"ஐயோ பாவம், அதுக்குச் சக்கரை வந்துடுமே!"

அவர் சிரித்தார். பரிசோதனைக் கூடம் சிரிக்கவில்லை. பெட்டியைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியே ஆகவேண்டும். வலது பக்கம் தரை சரியில்லை, துருப்பிடித்திருக்கிறது, போல்ட் நிற்காது. அதனால்தான் நடு இருக்கை. நீ மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வருகிறவள். வலது பக்கம் உட்கார்ந்து ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கலாமே.

சாப்பிடு. படிக்கிறேன் என்று இரவுச் சாப்பாட்டை விடாதே.

அம்மா

—

ஓர்லேயான், 20 ஜனவரி

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டீர்கள் என்று புரிந்துகொண்டேன்.

நானும் ஒரு காரியம் செய்திருக்கிறேன். எங்கள் குடிமையியல் ஆசிரியை, "சட்டம் தெரியாது என்று சொல்வது சாக்கு, கேட்டுத் தெரிந்துகொள்வது கடமை" என்று சொல்வார். நம் வண்டியின் பதிவு அட்டையில் இருக்கைகள் மூன்று என்று இருப்பது எனக்கு மனப்பாடம். ஒன்றைக் கழற்றினால் அது சட்டப்படி சரியா என்று இங்கே இருக்கும் வாகன அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். முழு விவரம் இல்லாமல் கேட்டால் சரியான பதில் வராது என்பதால் பதிவு எண், உங்கள் பெயர், முகவரி, எஞ்சின் மாற்றியது, விளக்கு மாற்றியது எல்லாவற்றையும் தெளிவாக எழுதியிருக்கிறேன். பதில் உங்களுக்கே நேராக வரும்.

இந்த வார இறுதியில் நான் வரவில்லை. சபீன் வீட்டுக்குப் போகிறேன். அவர்களுடைய காரில் பின்னிருக்கை உண்டு.

ஒரியான்

—

வெர்னூ, 2 பிப்ரவரி

ஒரியான்,

எனக்கு "தாங்கள்" போட்டு எழுதுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய். நல்லது. அப்படியென்றால் பெரியவளுக்கு எழுதுவது போலவே எழுதுகிறேன்.

அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. இருக்கையைப் பற்றி அதில் ஒரு வரி. எஞ்சினைப் பற்றி ஒரு பக்கம். வேறு எஞ்சின் பொருத்திய வண்டியை அவர்கள் பார்த்து ஏற்பளிக்கும் வரை சாலையில் ஓட்டக்கூடாதாம், காப்பீடும் செல்லாதாம். எனக்கு இது தெரியாதென்றா நினைத்தாய்? இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதி வண்டிகளுக்கு உள்ளே ஒன்று, அட்டையில் ஒன்று. "கொஞ்சம் கை ஒழியட்டும், கொண்டுபோய்க் காட்டுவோம்" என்று தள்ளிப்போட்டேன், அது என் தப்பு. ஆனால் என் வீட்டுக்குள்ளிருந்தே எழுதிக் கேட்பார்கள் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

தவளை கொட்டகையில் கிடக்கிறது. பழைய இரும்புக் கடை லுசியேனிடம் ஒரு மொபெட்டை இரவல் வாங்கி, அதில் குளிர்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போகிறேன். ஆலங்கட்டியும் மழையும் கலந்து முகத்தில் அடிக்கிறது. பெரியவர் பெலூவே சாப்பிடும் முன் ஊசி போட வேண்டும், நான் போய்ச் சேரும்போது அவர் காபியைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நேற்று குளக்கரை வளைவில் சறுக்கி விழுந்தேன். ஒன்றும் ஆகவில்லை, முட்டி மட்டும் கருநீலம். மருந்துக்கடை மதாம் கீனோ பார்த்துவிட்டார்.

"ஜொஸெத், அந்தத் தவளைய எவன் தலையிலயாவது கட்டிட்டு எங்க அண்ணனோட வெள்ள வேன வாங்கிக்கோடி. நர்ஸுக்கு எதுக்கு பந்தயக் காரு?"

"பந்தயம்தானே ஓட்டறேன், தினமும், உங்க கடை மூடறதுக்குள்ள."

"இப்ப எதுல ஓட்டறே?"

மொபெட்டை உதைத்துக் கிளப்பினேன். மார்ச் கடைசிவரை பார்ப்பேன். அதற்குள் ஏற்பு கிடைக்காவிட்டால் வேன்தான். தவளையை லுசியேன் உதிரிபாகத்துக்கு எடுத்துக்கொள்வான். நடு இருக்கையைக் காப்பாற்றப் போய் முழு வண்டிக்கும் உலை வைத்திருக்கிறாய்.

அம்மா

—

ஓர்லேயான், 5 பிப்ரவரி

அம்மா,

முட்டி எப்படி இருக்கிறது? நிஜமாகச் சொல். "ஒன்றும் ஆகவில்லை" என்று நீ சொல்வதை நான் நம்பிப் பழக்கமில்லை. மணிக்கட்டு உடைந்திருந்தபோதும் அதைத்தான் சொன்னாய்.

"நான் கேள்விதானே கேட்டேன்" என்று முதலில் எழுதினேன், கிழித்துப்போட்டேன். உன்னைத் தடுக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். எஞ்சினைப் பற்றிச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஆனால் பாதி உண்மையை எழுதக் கை வரவில்லை. அந்த அலுவலகம் புத்தகம் மாதிரி, கேட்ட பக்கத்தை மட்டும் திறந்து காட்டும் என்று நினைத்துவிட்டேன்.

இப்போது நான் செய்யக்கூடியது ஒன்றுதான். நகர நூலகத்தில் பழுதுபார்ப்புக் கையேடுகள் உண்டு. புது எஞ்சினின் எடை, சக்தி, பழையதோடு ஒப்பீடு, வரைபடம் எல்லாவற்றையும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் கவனி: அந்த எஞ்சின் பிறந்த காரில் முன்பிரேக் தட்டுகள் நம்முடையதைவிடப் பெரியவை. எஞ்சினை மட்டும் எடுத்துக்கொண்டு பிரேக்கை விட்டுவிட்டோம். அதையும் மாற்றாமல் ஏற்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. கிறிஸ்துமஸ் சமயத்தில் நீ என்னை வண்டிக்கு அடியில் விளக்கோடு படுக்கவைத்தாயே, அப்போது வலது பக்கத் தரையைப் பார்த்தேன். அழுக்கு இருந்தது. துரு இல்லை. துருப்பிடித்திருக்கிறது என்று ஏன் எழுதினாய்?

ஒரியான்

—

வெர்னூ, 12 பிப்ரவரி

தெள்ளுப்பூச்சி,

முட்டி பச்சையாகிவிட்டது. பச்சை நல்ல நிறம். தவளையின் நிறம்.

உன் கணக்குகளைப் பார்த்தேன். அழகான கையெழுத்து. பிரேக்கைப் பற்றி லுசியேனிடம் கேட்டேன். "பன்னிக்கு நின்னுச்சுல்ல? அப்புறம் என்ன?" என்கிறான். எனக்கும் இப்போது அதற்கு நேரமில்லை. அப்படியே கொண்டுபோய்க் காட்டுகிறேன்.

தரையில் துரு இல்லை. நீ பார்ப்பாய் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீ எல்லாவற்றையும் பார்க்கிறாய்.

டிசம்பரில், பன்றிக்கு முன்பே, அந்த வலது இருக்கையைத்தான் கழற்ற உட்கார்ந்தேன். வேறு யோசனையே இல்லை. நீ சொன்ன அதே காரணம்தான்: யாரும் உட்காராத இருக்கை, கதவைத் திறந்தால் பெட்டி. ஸ்பானரை வைத்துத் திருகினேன். ஒன்று வந்தது, இரண்டு வந்தது, மூன்றும் வந்தது. நாலாவதில் கை நின்றுவிட்டது. உங்கப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. பிரெஸ்த்தில் அவனுக்கு வேறு வீடு, வேறு பிள்ளைகள். அவன்மேல் எனக்கு இப்போது கோபம்கூட இல்லை. ஆனாலும் கொட்டகையில் உட்கார்ந்து முட்டாள் மாதிரி அந்த போல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மூன்றையும் திரும்ப இறுக்கிவிட்டு எழுந்துவந்துவிட்டேன்.

இந்த வண்டியை வாங்கப் போனபோது அவன் விற்பனைக்காரரிடம், "நாங்க ரெண்டு பேர்தானே, மூணாவது சீட்டு எதுக்கு?" என்று கேட்டான். நான் அப்போது உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு இன்னும் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். "இருக்கட்டும், வர்றவங்களுக்கு" என்றேன். அவன் அங்கே, அந்தக் கடையிலேயே புரிந்துகொண்டு வாய்விட்டுச் சிரித்தான். அப்படிச் சிரித்த ஒரு மனிதன் உட்கார்ந்த இருக்கை அது. அவனைக் கழற்றுவது சுலபமாக இருந்தது. இருக்கையைக் கழற்ற முடியவில்லை.

அதனால் உன்னுடையதைக் கழற்றினால் போதும் என்று நினைத்தேன். நீதான் இருக்கிறாயே, எங்கே உட்கார்ந்தாலும் நீதானே என்று.

இதைப் படித்துவிட்டு ஒன்றும் எழுதாதே.

அம்மா

—

ஓர்லேயான், 16 பிப்ரவரி

அம்மா,

நீ எழுதாதே என்றாய். எழுதுகிறேன், ஆனால் சுருக்கமாக.

நடு இருக்கையையே எடுத்துவிடு. நான் வலது பக்கம் உட்காருகிறேன். அப்பா போன பிறகும் நான் நகர்ந்து உட்காராதது அவர் வருவார் என்று இல்லை. முதல் வருடம் அப்படி நினைத்தேன், ஒத்துக்கொள்கிறேன். பிறகு இல்லை. நடுவில் உட்கார்ந்தால் உன் பக்கத்தில் இருக்கலாம், அவ்வளவுதான். நீ வேலை முடித்து வருகிற நேரம் நான் தூங்கிவிடுவேன், நான் எழுந்திருக்கும்போது நீ போயிருப்பாய். நாம் பேசியதெல்லாம் அந்த வண்டியில்தான். இனி நமக்கு நடுவில் பெலூவேயின் ரத்தம் உட்காரும். பரவாயில்லை. அவர் நல்ல மனிதர்.

ஆனால் பிரேக்கை மாற்று. லுசியேன் சொல்வதைக் கேட்காதே. பன்றிக்கு நின்றது என்கிறான், கண்ணாடியில் மோதிய பெட்டியைக் கேட்டுப் பார்க்கச் சொல்.

ஒரியான்

—

வெர்னூ, 4 மார்ச்

தெள்ளுப்பூச்சி,

நேற்று லுசியேனின் லாரியில் தவளையை ஏற்றிக்கொண்டு உன் ஊருக்கு வந்தேன். உன் பள்ளியைத் தாண்டித்தான் போனோம். உனக்குப் பரீட்சை என்பதால் நிறுத்தவில்லை.

அலுவலகத்தில் சோதித்தவர் இளைஞர், கண்ணாடி போட்டவர், ஒல்லி. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். விளக்கைத் தூக்கி இறக்கிக் காட்டச் சொன்னார், மறுபடி காட்டச் சொன்னார். வேலைக்காக இல்லை, ஆசைக்காக என்று தெரிந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு சக்கரத்தைக் கழற்றினார்.

"எஞ்சின் பெரிசா போட்டிருக்கீங்க. பிரேக் பழசாவே இருக்கே, மதாம்?"

லுசியேன் கூரையைப் பார்த்தான்.

"மாத்திட்டு வர்றேன்."

"அப்புறம் இது யார் எழுதினது? இந்தக் கணக்கு?"

"என் மகள்."

"இதுலயே பிரேக்க மாத்தணும்னு எழுதியிருக்காங்களே. நீங்க படிக்கலையா?"

அந்த இடத்தில் தரை பிளந்திருந்தால் எஞ்சினோடு உள்ளே போயிருப்பேன். நீ சந்தோஷப்படுவாய் என்பதால்தான் இதை எழுதுகிறேன். ரொம்பச் சந்தோஷப்படாதே. பிரேக் தட்டுக்கு அலைய வேண்டும், இரண்டாம் முறை லாரி, இரண்டாம் முறை விடுப்பு. அதுவரை மொபெட்.

பிறகு இருக்கையைப் பற்றிக் கேட்டார். அட்டையில் மூன்று என்று இருக்கிறது, பெட்டி வைப்பதென்றால் இரண்டு என்று மாற்றிவிடலாம், எதைக் கழற்றப் போகிறீர்கள் என்றார். உன் கடிதம் கைப்பையில் இருந்தது. "நடு" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வலது" என்று வந்தது. எழுதிக்கொண்டார். எழுதிவிட்டதால் இனி அதைத்தான் கழற்ற வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்பானரை எடுத்தேன். மூன்று வந்தது. நாலாவது வரவே இல்லை. இந்த முறை கை நிற்கவில்லை, போல்ட்தான் நின்றது. இறுகிப்போய்க் கிடந்தது. எண்ணெய் விட்டேன், தட்டினேன், திட்டினேன். கடைசியில் லுசியேன் ரம்பம் போட்டு அறுத்தான். பொறி பறந்தது. நான் வாசலில் நின்று சிகரெட் பிடித்தேன்.

"இருக்கைய என்ன பண்ண?" என்றான்.

"கொண்டுபோ."

கொண்டுபோய்விட்டான்.

அம்மா

—

வெர்னூ, 22 மார்ச்

ஏற்பு கிடைத்துவிட்டது. புது பிரேக்கும் பாஸ். அட்டையில் "இரண்டு" என்று அச்சடித்துவிட்டார்கள். வேன் வேண்டாம் என்று மதாம் கீனோவிடம் சொன்னேன். "உன் தலையெழுத்து" என்றார். வெள்ளிக்கிழமை லாமோத் ரயில் நிலையத்தில் தவளையோடு நிற்பேன். பிரேக்கை மெதுவாக மிதிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், இப்போது தொட்டாலே மூக்கு கண்ணாடியில் இடிக்கிறது.

அ.

—

ஓர்லேயான், 27 மார்ச்

அன்பு அம்மா,

வார இறுதி முழுக்க இதைச் சொல்லக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். ரயிலில் ஏறிய பிறகு வைராக்கியம் போய்விட்டது.

நடு இருக்கை எனக்குப் பத்தவில்லை.

செப்டம்பருக்குப் பிறகு நான் வளர்ந்திருக்கிறேன் போலிருக்கிறது. நீ இரண்டாம் கியர் போடும்போது என் முட்டியை இடிக்கிறாய், நாலாம் கியர் போடும்போது தொடையை. முன்பெல்லாம் காலை வலது பக்கம் திருப்பிக்கொள்வேன், இப்போது திருப்பினால் பெட்டியின் மூலை குத்துகிறது. பள்ளத்தில் இறங்கினால் தலை கூரையில் படுகிறது. நீ, "எப்படி இருக்கு?" என்று கேட்டபோது, "பிரமாதம்" என்றேன். நீயும் நம்பியது போல இருந்தாய். மதாம் ரகோ வீட்டு வாசலில் நான் இறங்கும்போது அவர் ஜன்னலிலிருந்து பார்த்து, "மடிச்சு வச்ச நாற்காலிய விரிக்கிற மாதிரி இருக்கு" என்று சொன்னது எனக்கும் கேட்டது.

எனக்கு அழுகையே வருகிறது, அம்மா. இதற்காக அலுவலகத்துக்கு எழுதி, உன்னை மழையில் மொபெட் ஓட்டவைத்து, முட்டியை உடைத்து, அப்பாவின் இருக்கையை ரம்பத்தால் அறுத்து, அரசாங்க அட்டையை மாற்றி, கடைசியில் நான் ஜெயித்த இடத்தில் என்னால் உட்கார முடியவில்லை. இதைவிடப் பெரிய முட்டாள் இந்த மாவட்டத்தில் இருப்பாளா?

ஒரியான்

—

வெர்னூ, 30 மார்ச்

என் நெட்டைத் தெள்ளுப்பூச்சிக்கு,

ஸ்டேஷனில் நீ ஏறி உட்கார்ந்த உடனேயே பார்த்துவிட்டேன். நாலாம் கியரை வேண்டுமென்றே கொஞ்சம் பலமாகப் போட்டேன். நீ எப்போது வாயைத் திறப்பாய் என்று பார்த்தேன். பிடிவாதம் என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது, ஆனால் கால் உங்கப்பாவிடமிருந்து.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த அலுவலகத்துக்கு நான் மறுபடி போக மாட்டேன். நீயும் எழுத மாட்டாய். அட்டையில் இரண்டு என்றால் இரண்டுதான். லுசியேன் அந்த வலது இருக்கையைக் கடை வாசலில் போட்டு உட்கார்ந்து சாண்ட்விச் தின்கிறான், அதைத் திருப்பிக் கேட்கவும் முடியாது.

ஆகவே யோசித்தேன். வண்டியில் உனக்குக் கால் நீட்ட இடமுள்ள இருக்கை இன்னும் ஒன்றே ஒன்றுதான். மே மாதம் உனக்குப் பதினாறு. பெற்றோர் பக்கத்தில் இருந்தால் பழகி ஓட்டலாம் என்று சட்டமே சொல்கிறது. உனக்குத்தான் சட்டம் என்றால் உயிராயிற்றே. ஓட்டுநர் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டேன். பாடம் முடிந்ததும் நீ ஓட்டு, நான் நடுவில் உட்காருகிறேன். எனக்குக் கால் குட்டை. எஞ்சின் பெரிசு, பிரேக் அதைவிடப் பெரிசு, பன்றிகள் வழக்கம்போல்.

பெரியவர் பெலூவேயிடம் சொன்னேன். அன்றிலிருந்து தன் ரத்தத்தை மொபெட்டிலேயே கொண்டுபோகச் சொல்லிக் கெஞ்சுகிறார்.

அம்மா